படிக்காமல் குத்திய முத்திரை

மதிப்பும் பிரியமும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

தங்கள் மாமனார் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் தங்கள் மாமியாரும் நலம். தாங்களும் நம் மகளும் அங்கே நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ('நலம்' என்று எழுதாமல் கடிதத்தைத் தொடங்கிப் பழக்கமில்லை என்பதால் எழுதினேன். நிலவரம் கீழே வருகிறது. உட்கார்ந்துகொண்டு படிப்பது நல்லது.) தங்கள் போன கடிதம் கிடைத்தது. இப்போதிருக்கும் இரண்டு அறை வீடு போதவில்லை என்றும், ஆற்றோரம் எட்டு அறையும் மாடியும் உள்ள பெரிய வீடு ஒன்றைப் பார்த்து வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். மெத்த சந்தோஷம். வீடு என்று ஒன்று இருந்து, அதற்குள் ஆட்கள் இருக்கவும் முடிவது எப்பேர்ப்பட்ட கொடுப்பினை என்பதை இந்த நான்கு நாட்களாகத் தெரிந்துகொண்டு வருகிறேன். இந்தக் கடிதத்தைக் கொல்லைப்புறத்தில், துவைக்கிற கல்லின் மேல் பலகையைப் போட்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதற்குக் கல் பொறுப்பு. மற்றவற்றுக்கு யார் பொறுப்பு என்பதைத் தங்கள் மனசாட்சிக்கே விட்டுவிடுகிறேன்.

தங்களைக் குற்றம் சொல்வதாக நினைக்க வேண்டாம். மாப்பிள்ளையைக் குற்றம் சொல்லும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், அவ்வளவுதான். போன மாதம் தாங்கள் வியர்க்க விறுவிறுக்க வந்து, தாங்கள் வேலை பார்க்கும் அரண்மனை ஆபத்துப் பொருள் காப்பகத்தின் கூரை மேல் ஒரு டிராகன் வந்து உட்கார்ந்து கூரையே இறங்கிவிட்டது என்றும், பழுது பார்த்து முடிக்கும்வரை பொருள்களை ஆளுக்கொன்றாக வீட்டுக்கு எடுத்துப்போகச் சொல்லிவிட்டார்கள் என்றும் சொன்னீர்கள். "மாமா, பத்து நாளைக்கு இது உங்க வீட்டுல இருக்கட்டும். அலமாரியில வச்சிடுங்க. விவரமெல்லாம் உள்ள சீட்டுல எழுதியிருக்கேன்" என்று ஒரு துணிப் பொட்டலத்தைக் கொடுத்தீர்கள். தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டீர்கள். இன்று இருபத்திரண்டாவது நாள். 'இதைத் தொடக்கூடாது' என்று எழுதிய சீட்டைப் பொட்டலத்துக்கு உள்ளே வைத்து முடிச்சுப் போட்டால், தொடாமல் எப்படிப் படிப்பது என்ற சந்தேகம் தங்கள் காப்பகத்தில் யாருக்கும் இதுவரை வந்ததில்லையா என்று கேட்கலாம், நான் கேட்கவில்லை.

பதினெட்டு நாள் அதை அலமாரியில்தான் வைத்திருந்தேன் என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். பத்தொன்பதாவது நாள் தூசி தட்டுவதற்காக எடுத்தேன். எடுத்தபோது முடிச்சு தளர்ந்திருந்தது. தளர்ந்த முடிச்சை இறுக்குவதென்றால் முதலில் அவிழ்க்கத்தானே வேண்டும்? உள்ளே பார்த்தால் கருங்காலிப் பிடி போட்ட ஒரு முத்திரை. மாப்பிள்ளை, முப்பத்தேழு வருடம் அரண்மனைப் பதிவகத்தில் இந்தக் கை முத்திரை பிடித்த கை. ஓய்வு பெற்ற அன்று எல்லோரும் மாலை போட்டார்கள், கைதட்டினார்கள். அதற்கப்புறம் கிடங்குக்காரர் வந்து, "ஐயா, முத்திரையைக் குடுத்துட்டுப் போங்க" என்று கையை நீட்டினார். கொடுத்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து என் வலது கை சும்மாவே இருந்ததில்லை. சாப்பாட்டு மேசையைக் குத்தும், தொடையைக் குத்தும், தூக்கத்தில் தலையணையைக் குத்தும். வைத்தியரிடம் காட்டினேன். அது வயசு என்றார். அது வயசு இல்லை, ஏக்கம். இப்படிப்பட்ட ஒருவனின் வீட்டில் கொண்டுவந்து ஒரு முத்திரையை வைத்திருக்கிறீர்கள்.

நான் பழைய மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காக ஜன்னலோரம் ஒரு மேசை போட்டு, அதில் 'உள்வரவு' என்று ஒரு தட்டும் 'வெளிச்செல்கை' என்று ஒரு தட்டும் வைத்திருக்கிறேன், தாங்கள் பார்த்திருப்பீர்கள். வீட்டு விஷயம் எதுவானாலும் எழுத்து மூலம் உள்வரவுத் தட்டில் வைத்தால் ஆவன செய்யப்படும் என்று தங்கள் மாமியாரிடம் சொல்லியிருந்தேன். இரண்டு வருடமாக அவள் ஒரு தாள்கூட வைத்ததில்லை. "குழம்புக்கு உப்பு போதுமான்னு மனு எழுதிப் போடவா?" என்று ஒருமுறை கேட்டாள். அதோடு சரி. தட்டில் பழைய பஞ்சாங்கமும் மூக்குக் கண்ணாடியும்தான் கிடக்கும். ஆனால் நான் சொல்லும் அந்த நாளன்று காலையில் நடந்துவிட்டு வந்து பார்த்தால் தட்டில் உண்மையாகவே ஒரு சீட்டு. மடித்து வைத்திருந்தது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி மாளாது.

இங்கே பதிவகத்தின் வேலை முறையைத் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நாங்கள் முதலில் குத்துவோம், பிறகு படிப்போம். படித்தால் கேள்வி வரும். கேள்வி வந்தால் கோப்பு மேலே போகும். மேலே போன கோப்பு கீழே வந்ததாகச் சரித்திரம் இல்லை. ஆகையால் காலையில் வந்ததும் கட்டு முழுவதையும் குத்தி முடித்துவிட்டு, மத்தியானத்துக்கு மேல் நிதானமாக, அதில் என்னதான் இருக்கிறது என்று பார்ப்போம். இந்த முறையில் ஒரே ஒரு தடவைதான் தவறு நடந்தது. கண்ணுக்குத் தெரியாமல் உலவ அனுமதி கேட்டிருந்த ஒருவரை, நேரில் ஆஜராகி முகத்தைக் காட்டினால்தான் அனுமதி என்று குத்தி அனுப்பிவிட்டோம். அவர் வந்து மூன்று வருடமாக வரிசையில் நிற்பதாகக் கேள்வி. நிற்கிறாரா போய்விட்டாரா என்று யாரால் சொல்ல முடியும்?

அன்றைக்கு மேசை மேல் நான்கு தாள் இருந்தது. ஒன்று, வைத்தியர் எனக்கு எழுதிக் கொடுத்திருந்த சீட்டு. இரண்டாவது, பக்கத்து வீட்டுக் குதிரைக்காரர் கொண்டுவந்து கொடுத்த அறிவிப்பு. அவர் அரண்மனை லாயத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். போகிற வருகிறவர்களெல்லாம் அவர் தோட்டத்துப் பூவைப் பறிக்கிறார்கள் என்று, 'எச்சரிக்கை: இங்கே நாய் இருக்கிறது. கடிக்கும்' என்று எழுதி, "ஒரு முத்திரை இருந்தா கொஞ்சம் பயப்படுவாங்க, பாருங்களேன்" என்று விட்டுப்போயிருந்தார். அவரிடம் நாய் கிடையாது; பூனைகூடக் கிடையாது. மூன்றாவது, தங்கள் பொட்டலத்துக்குள் இருந்த சீட்டு. நான்காவது, தங்கள் மாமியார் தட்டில் வைத்த சீட்டு. முத்திரையைத் திருப்பிப் பார்த்தேன். 'உண்மை' என்று மட்டும் செதுக்கியிருந்தது. எங்கள் பதிவகத்து முத்திரையில் 'உண்மை நகல்' என்று இருக்கும். ஆகையால் இதிலும் அப்படித்தான் இருந்திருக்கும், 'நகல்' தேய்ந்துபோயிருக்கும், பாவம் பழைய முத்திரை என்று நினைத்தேன். முப்பத்தேழு வருட அனுபவம் உள்ள எவரும் அப்படித்தான் நினைப்பார்கள். டப், டப், டப், டப். நான்கையும் குத்தினேன். கை இரண்டு வருடத்துக்குப் பிறகு அன்றுதான் கையாக இருந்தது.

குதிரைக்காரர் வேலி மேல் எட்டிப் பார்த்து அவருடைய தாளை வாங்கிக்கொண்டு போனார். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, மை காயட்டும் என்று தங்கள் சீட்டை ஊதினேன். அவ்வளவுதான். முத்திரை என் கையிலிருந்து வழுக்கி, மேசை மேல் உருண்டு, கீழே விழுந்து, எதிர்ச் சுவரோரம் அலமாரிக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. எடுக்கலாம் என்று குனிந்தேன். குனிந்தவன் நிமிர்ந்தபோது கொல்லைப்புறத்தில், கீரைப் பாத்தியில் நிற்கிறேன். பக்கத்தில் தங்கள் மாமியார், கையில் கரண்டியோடு. கரண்டியிலிருந்து எண்ணெய் சொட்டுகிறது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "அடுப்புல எண்ணெய் காயுது" என்றாள். உள்ளே ஓடினாள். ஓடின வேகத்தில் வாசல் பக்கமாகத் தெருவில் போய் நின்றாள். நான் வாசல் வழியாக நுழைந்தேன். ஒரு கால் படியில் வைத்தேன், அடுத்த கால் கீரைப் பாத்தியில் இருந்தது. நடுவில் இருக்க வேண்டிய கூடம், சமையலறை, நடை எதுவும் வரவில்லை. பதினொரு தடவை முயற்சி செய்தோம். எட்டாவது தடவை கீரை முழுக்கப் போயிற்று. கடைசியில் சமையலறை ஜன்னல் வழியாக அவள் கையை மட்டும் விட்டு அடுப்பை அணைத்தாள். கை போகிறது, தலையை நீட்டினால்தான் வெளியே தள்ளிவிடுகிறது.

அப்புறம்தான் என் கையில் இருந்த தங்கள் சீட்டைப் படித்தேன். 'மாமா, இதை நீங்கள் தொடக்கூடாது. இதைக் குத்திய தாளில் எழுதியிருப்பது, மை காய்ந்ததும் உண்மையாகிவிடும். பின்னால் குத்தியது, அதற்கு முரணாக முன்னால் குத்தியதை ரத்து செய்யும். ஒரே தாளில் இரண்டு விதமாக இருந்தால் கடைசியாக எழுதியிருப்பதுதான் செல்லும். மிகவும் ஆபத்தானது. பத்து நாளில் வருகிறேன்.' தெளிவாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். கையெழுத்தும் அழகு. அதன் மேல் என் முத்திரை நன்றாக, கோணாமல் விழுந்திருந்தது. ஆக, இனி அந்த முத்திரையை நான் தொடவே முடியாது.

"நீ தட்டில வச்ச சீட்டுல என்ன எழுதியிருந்தே?" என்று தங்கள் மாமியாரைக் கேட்டேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "வீட்டில் யாரும் இல்லை" என்றாள். "எதுக்கு அப்படி எழுதினே?" என்றேன். "நீங்கதானே எதுவானாலும் எழுத்து மூலம் குடுக்கச் சொன்னீங்க. தெனம் நடந்துட்டு வந்து, வாசல்ல நின்னு, 'வீட்டுல யாரும் இல்லையா'ன்னு கேக்கறீங்க. நான் எதிர்லதான் நிக்கறேன். காய் நறுக்கிக்கிட்டு இருக்கேன், துணி மடிச்சிக்கிட்டு இருக்கேன், ஒரு நாள் உங்க செருப்பையே தொடச்சிக்கிட்டு இருந்தேன். அப்பவும் 'யாரும் இல்லையா'. முப்பத்தாறு வருஷமா கேக்கற கேள்விக்கு எழுத்து மூலம் பதில் குடுத்தேன். நீங்க படிச்சுட்டு ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு நெனச்சேன். படிக்காமயே குத்திட்டீங்க" என்றாள். மாப்பிள்ளை, நான் அந்தக் கேள்வியைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்வதற்காகக் கேட்பது. எல்லா ஆண்களும் கேட்பதுதான். தாங்களும் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். இனிமேல் கேட்காதீர்கள்.

இது முதல் துன்பம். இரண்டாவது, வைத்தியர் சீட்டு. அதில் 'சாப்பிட்ட பின் அரை மணி நேரம் நடக்க வேண்டும்' என்று இருந்தது. அன்று மத்தியானம் கொல்லையில் மூன்று செங்கல்லை வைத்து அவள் ஏதோ பொங்கி, தட்டில் போட்டாள். ஒரு வாய் வைத்தேன். கால்கள் எழுந்தன. நான் எழவில்லை, கால்கள் எழுந்தன. நான் அவற்றோடு போனேன். கடைத்தெரு, குளத்தங்கரை, பதிவக வாசல், திரும்பவும் கடைத்தெரு. கையில் சோறு காய்ந்துபோயிற்று. பழைய சகாக்கள் பதிவக மாடியிலிருந்து கையசைத்தார்கள். நானும் சோற்றுக் கையை அசைத்தேன். சரியாக அரை மணி கழித்துத் தட்டுக்கு முன்னால் கொண்டுவந்து உட்கார வைத்தன. இரண்டாவது வாய் வைத்தேன். மறுபடியும் கடைத்தெரு. அன்றைய மத்தியானச் சாப்பாடு பொழுது சாய்ந்த பிறகுதான் முடிந்தது. வழியில் வைத்தியரே எதிரே வந்து, "பேஷ்! சொன்னா கேக்கற ஒரே நோயாளி நீங்கதான்" என்று தோளில் தட்டினார். அவரைத் திட்ட வாயைத் திறப்பதற்குள் கால்கள் தெருவைத் தாண்டிவிட்டன. தங்கள் மாமியார் என் மேல் கோபம் வரும்போதெல்லாம் ஒரு துண்டுப் பழத்தை நீட்டுகிறாள். பசியில் வாங்கிவிடுகிறேன். நேற்று மட்டும் ஆறு துண்டு.

மூன்றாவது, நாய். குதிரைக்காரர் அறிவிப்பை வாசலில் ஒட்டிவிட்டுத் திரும்பினார், பின்னால் நாய் நின்றது. முதல் கடி அவருக்குத்தான். அறிவிப்பில் நாயின் அளவோ நிறமோ எழுதாததால் அதற்கு இன்னும் ஒரு தீர்மானமான நிறம் வரவில்லை. நான் பார்க்கும்போது கறுப்பாக இருக்கிறது, தங்கள் மாமியார் வெள்ளை என்கிறாள், குதிரைக்காரர் வலியில் இருப்பதால் நிறத்தைக் கவனிக்கவில்லை என்கிறார். கடிக்கும் என்பது மட்டும் உறுதியாகத் தெரிகிறது. பூப்பறிக்கிறவர்கள் வருவதில்லை, ஆனால் குதிரைக்காரரும் வீட்டைவிட்டு வருவதில்லை. ஜன்னலில் நின்று, "ஐயா, உங்க முத்திரையை வாபஸ் வாங்குங்க" என்று காலையும் மாலையும் கத்துகிறார். நல்ல மனிதர். நாங்கள் வெளியே கிடக்கிறோம் என்று இரண்டு கயிற்றுக் கட்டிலை வேலி மேலாகத் தள்ளிவிட்டார். ஒன்றைத் தங்கள் மாமியார் இழுத்துக்கொண்டு போய்க் கொல்லையின் அந்தக் கோடியில் போட்டுக்கொண்டாள். இன்னொன்று இந்தக் கோடியில் இருக்கிறது.

இந்த நாயால் ஒரு நன்மையும் உண்டு. வீட்டில் யாரும் இல்லை என்றால் ஆட்கள் இல்லை என்றுதானே அர்த்தம். நாய் போகலாம் அல்லவா? இதைக் கண்டுபிடித்தது தங்கள் மாமியார். அவள் ஒரு துணிப் பந்தை ஜன்னல் வழியாக வீச, நாய் வேலி தாண்டி வந்து வீட்டுக்குள் பாய, அது கண்ணில் பட்டதையெல்லாம் கடித்து இழுத்து, என் இரண்டு நல்ல சட்டையும் ஒரு செருப்பும் 'வெளிச்செல்கை' தட்டும் வந்த பிறகு, ஏழாவது முறை முத்திரையைக் கவ்விக்கொண்டு வந்தது. நான் ஆசையாகக் கையை நீட்டினேன். முத்திரை நாயின் வாயிலிருந்து துள்ளி விலகிக் கற்குவியலில் விழுந்தது. அவள் நிதானமாக நடந்து போய் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "நான் எழுதினது செல்லிடுச்சு. இனிமே மாத்தணும்னா நீங்க எழுதுங்க. நான் படிப்பேன். பிடிச்சாதான் குத்துவேன்" என்றாள்.

ஒரு வரிதானே, இதென்ன பிரமாதம் என்று நினைத்தேன். முப்பத்தேழு வருடம் வரைவு எழுதியவன் நான். முதலில், 'மேற்படி இல்லத்தில் மேற்படியார் குடியிருந்து வருவதாக இதன்மூலம் சான்றளிக்கப்படுகிறது' என்று எழுதினேன். "மேற்படியார்னா யாரு?" என்றாள். "நீதான்." "அப்ப அந்த மேற்படியாரையே குத்தச் சொல்லுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். சரி, எளிய நடையில் எழுதுவோம் என்று 'என் மனைவி சமையலறையில் இருக்கிறாள்' என்று எழுதினேன். "இதைக் குத்தினா ஆயுசுக்கும் சமையலறையிலயே நிக்கணுமா?" என்றாள். அது எனக்குத் தோன்றவில்லை. 'வீட்டில் இருவர் இருக்கின்றனர்' என்று திருத்தினேன். "பொண்ணும் மாப்பிள்ளையும் வந்தா மூணாவது நாலாவது ஆளா தெருவுல நிக்கணுமா?" என்றாள். 'வீட்டில் எல்லோரும் இருக்கின்றனர்' என்றேன். "ஊர்ல இருக்கற எல்லாரும் வந்து நிப்பாங்க. அத்தனை பேருக்கும் நீங்களா வடிச்சுக் கொட்டுவீங்க?" என்றாள். நான்கு நாட்களில் இருபத்தாறு வரைவு. மாப்பிள்ளை, உண்மையைச் சொல்கிறேன், இவள் பதிவகத்தில் இருந்திருந்தால் எனக்கு மேலே பெரிய நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். ஒவ்வொரு வரைவிலும் ஓட்டை இருந்தது. அதைவிட, ஒவ்வொன்றையும் அவள் படித்துவிட்டு இன்னும் ஏதோ எதிர்பார்ப்பதுபோல் என் முகத்தைப் பார்த்தாள். அது என்னவென்று கேட்டால், "எழுத்து மூலம் சொல்லமாட்டேன்" என்கிறாள்.

இருபத்தாறாவது தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இன்று காலை சொல்லிவிட்டாள். நாளைக் காலை வண்டிக்குத் தன் தங்கை வீட்டுக்குப் போகிறாளாம். "அங்க போனா 'வா அக்கா'ன்னு கேக்கும். அது போதும் எனக்கு" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. சாதாரணமாகச் சொன்னாள். ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஒவ்வொரு துணியாக எடுத்து மூட்டை கட்டிக் கட்டில் மேல் வைத்திருக்கிறாள். முத்திரையையும் எடுத்துக்கொண்டு போகப்போகிறாள். ஆகவே தாங்கள் இந்தக் கடிதம் கண்டதும் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு உடனே புறப்பட்டு வரவும். எப்படியாவது இந்த முத்திரையின் சக்தியை இறக்கவும். அல்லது தங்கள் மாமியாரின் மனதை இறக்கவும். இரண்டில் எது தங்கள் துறைக்கு எளிதோ அதைச் செய்யவும்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, மாப்பிள்ளை. எனக்குப் பயமாக இருக்கிறது. நான் வாசலில் நின்று அந்தக் கேள்வியைக் கேட்டதெல்லாம் பதில் தெரிந்துதான். அவள் இருக்கிறாள் என்று தெரியாமல் ஒரு நாளும் கேட்டதில்லை. நம் மகள் கல்யாணமாகிப் போன புதிதில் இவள் அவளோடு ஒரு மாதம் இருக்க வந்தாளே, அந்த ஒரு மாதமும் நான் வாசலில் நின்று எதுவுமே கேட்கவில்லை. சத்தமில்லாமல் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் பேசாமல் உட்கார்ந்துவிடுவேன். கேட்டால் பதில் வராதே என்று பயம். தண்ணீரை நானே எடுத்துக் குடித்தேன். அதில் ஒரு ருசியும் இல்லை. இதையெல்லாம் அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. வரைவிலும் வரவில்லை. சொல்லப்போனால் விஷயம் ரொம்ப சின்னது. அந்த வீட்டில் அவள் இருக்கிறாள். அவள் இருப்பதால் நானும் இருக்கிறேன். எங்களைத் தேடி யார் வந்தாலும் அவர்களும் வந்து இருக்கலாம், போகலாம். அந்த வீட்டைப் பற்றிய உண்மை இவ்வளவுதான். இதை எந்தப் படிவத்தில் எழுதுவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

நம் மகள் பக்கத்தில் வந்து, "அப்பா என்ன எழுதியிருக்கார்?" என்று கேட்பாள். அவளைக் கலங்கவைக்க வேண்டாம். இதற்குக் கீழே உள்ளதை மட்டும் அவளுக்கு வாசித்துக் காட்டவும்.

இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. எல்லோரும் சுகம். என் கால்கள் நான் சொன்னபடி கேட்கின்றன. வேண்டியபோது நடக்கிறேன், வேண்டியபோது உட்காருகிறேன். பக்கத்து வீட்டில் புதிதாக ஒரு செவலை நாய் வந்திருக்கிறது. பரம சாது, யாரையும் கடிப்பதில்லை. கொல்லையில் கீரை தழைத்துக் கிடக்கிறது. உங்கள் இருவருக்கும் எங்கள் மனப்பூர்வமான ஆசிகள். எந்த வீட்டில் இருந்தாலும், அந்த வீடு நிறையக் குழந்தைகளோடு நீங்கள் நெடுங்காலம் சௌக்கியமாக வாழ்வீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் நலத்தையே என்றும் நாடும்
மாமனார்

பின்குறிப்பு: தாங்கள் உடனே புறப்பட்டு வர வேண்டியதில்லை. மேலே எழுதியதில் பெரும்பகுதியைத் தாங்கள் மறந்துவிடலாம். கடிதத்தை மடித்து அஞ்சல் கழுகின் காலில் கட்டப் போனேன். தங்கள் மாமியார், "என்னைப் பத்தி என்ன எழுதியிருக்கீங்க, குடுங்க" என்று பிடுங்கிக்கொண்டு போய் அவள் கட்டிலில் உட்கார்ந்து படித்தாள். துண்டுப் பழம் ஆறு என்ற இடத்தில் சிரித்தாள். நாற்காலி என்ற இடத்தில் புருவத்தைத் தூக்கினாள். பயமாக இருக்கிறது என்ற இடத்துக்கு வந்ததும் சிரிப்பு நின்றுபோயிற்று. அந்தப் பத்தியை இரண்டு தடவை படித்தாள். அப்புறம் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், இடுப்பிலிருந்து முத்திரையை எடுத்து, மீதியைப் படிக்காமலேயே குத்திவிட்டாள். நீளமான ஒரே தாளில் எழுதியிருந்ததால் கடிதம் முழுவதற்கும் சேர்த்து முத்திரை விழுந்துவிட்டது. இத்தனை வருடத்தில் அவள் படிக்காமல் செய்த ஒரே காரியம் இதுதான். மேலே இந்தத் தாளின் ஓரத்தில் தாங்கள் பார்ப்பது அந்த முத்திரைதான்.

மை காய்ந்ததும் அவள் மூட்டையை எடுத்துக்கொண்டு நேராகக் கொல்லைக் கதவு வழியாக உள்ளே போனாள். போனவள் தெருவுக்கு வரவில்லை. கீரை எழுந்து நின்றது. நாய்க்கு ஒரு வழியாகச் செவலை நிறம் வந்து, குதிரைக்காரரின் காலை நக்கிக்கொண்டிருக்கிறது; பூவைப் பறிக்க ஆட்கள் வந்துவிட்டார்கள், அவர் என் மேல் புதிதாகக் கோபப்படுகிறார். நான் மட்டும் வேண்டுமென்றே வீட்டைச் சுற்றிக்கொண்டு தெருப் பக்கம் போய், வாசலில் நின்று, செருப்பைக் கழற்றாமல், "வீட்டுல யாரும் இல்லையா?" என்றேன். "இருக்கேன். கால் அலம்பிட்டு உள்ள வாங்க" என்று குரல் வந்தது. தண்ணீரும் வந்தது. முத்திரையைப் பழைய துணியில் சுற்றி அவளே அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். என் கை சும்மாதான் இருக்கிறது.

இப்போது பக்கத்தில் நின்று கடிதத்தின் மீதியைப் படித்துக்கொண்டிருக்கிறாள். கடைசி வரியில் விரலை வைத்து, "ஆசீர்வாதத்துல இப்படி அளவில்லாம எழுதச் சொன்னது யாரு?" என்று கேட்கிறாள். எனக்கு என்ன தெரியும், எல்லோரும் எழுதுவதைத்தான் எழுதினேன். எண்ணிக்கை எதுவும் குறிப்பிடவில்லை, வீடு நிறைய என்றுதான் குறிப்பிட்டிருக்கிறேன். ஆகவே மாப்பிள்ளை அவர்கள் நம் மகளை ஒருமுறை வைத்தியச்சியிடம் காட்டி வைக்கவும். ஆற்றோரத்து வீட்டுக்கு மட்டும் தயவுசெய்து மாற வேண்டாம். மாடி வேறு இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள்.